பசிபிக்கில் ஒரு பத்துக் காம்பரா லயம்

போன மாதம் என் பழைய கந்தோரிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. நான் வருடக்கணக்காக உட்கார்ந்து தேய்த்த நாற்காலியில் இப்போது இருக்கும் நிரோஷினி என்ற பிள்ளை பேசினார்.

"சேர், ஒரு விசயம் கேக்கணும். கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கோவிக்கிறதுக்கு இப்ப பிரஷர் விடாது மகள். கேளுங்க."

"நாவுலப் பக்கம் மலசலகூடம் கட்டிக் குடுக்க ஒரு லிஸ்ட் போட்டோம். நாப்பது வீடுதான். அதுக்கு முன்பக்கத்துல முழு உலகப் படத்தையும் பிரிண்ட் எடுத்து வைக்கணுமாம். இல்லாட்டி கையெழுத்து கிடையாதாம். நாவுலயில கக்கூஸ் கட்டுறதுக்கு அமெரிக்கா எதுக்கு சேர்? யாரோ ஒரு பழைய பைத்தியத்தால வந்த சட்டம்னு சொல்றாங்க."

"அந்தப் பைத்தியத்த எனக்கு நல்லாத் தெரியும். தினமும் சவரம் பண்ணும்போது கண்ணாடியில பாக்குறேன்" என்றேன்.

அவர் சிரித்தார். அதற்கு மேல் தொலைபேசியில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எழுதித் தருகிறேன் என்றேன். நான் வாயைத் திறக்குமுன்பே சிரிக்கத் தயாராகிவிடும் பழைய சகாக்களும் இதை வாசிப்பார்கள் என்று தெரியும். சிரிக்கிற இடங்கள் இருக்கின்றன, சிரிக்கலாம். சம்பந்தப்பட்டவர்களே சிரித்தார்கள்.

நான் படவரைஞனாகச் சேர்ந்த காலத்தில் வரைபடம் என்றால் தாளும் மைப்பேனாவும்தான். என் முதல் வருடக் கோடுகளைப் பார்த்த அதிகாரி ஒருவர், "இது ஆறா, இல்ல ஆத்தப் பாத்து உன் கை நடுங்கினதா?" என்று கேட்டார். பிறகு கணினி வந்தது. பயிற்சிக்காகக் கொழும்புக்கு மூன்று வாரம் அனுப்பினார்கள். முதல் வாரத்தில் என் கோப்பு முழுவதையும் அழித்தேன். மீதி இரண்டு வாரமும் அதைத் தேடினேன். திரும்பி வரும்போது எனக்குத் தெரிந்திருந்த ஒரே பாடம், கணினி எப்போது எதைக் கேட்டாலும் "சேமி" என்று அழுத்திவிட வேண்டும் என்பது. அந்தப் பாடத்தை நான் கடைசிவரை மறக்கவில்லை. மறந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இப்படிப்பட்ட என்னை மேய்க்க வாய்த்தவர் நவ்ஷாத் சேர். மாத்தளை டவுனில் பரம்பரையாக மிளகும் கராம்பும் வாங்கி விற்ற குடும்பம். அவருடைய வாப்பா மூட்டைக்குள் கையைவிட்டு அடியில் உள்ள மிளகை எடுத்துப் பார்ப்பாராம். மேலே கிடப்பதை நம்பமாட்டாராம். மகன் அதே குணத்தைக் கந்தோருக்குக் கொண்டுவந்திருந்தார். நான் தட்டச்சு செய்த பட்டியலை மேசையில் விரிப்பார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார். பிளேட்டால் சீவிய பென்சிலை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, தாளின்மேல் விடுவார். நுனி எந்த வரியில் படுகிறதோ, அதுதான் கேள்வி.

"இந்தாள் எங்க ஈக்கிறார்? காட்டுங்க செல்வா."

நான் திரையில் அந்தப் புள்ளியைக் காட்டுவேன்.

"அந்த எடத்துல யாரு போய் நின்ட?"

அளவெடுத்த களப் பணியாளரின் பெயரைச் சொல்வேன். இப்படி மூன்று தடவை. மூன்றாம் தடவை பென்சில் எழும்பிய பிறகுதான் பேனா இறங்கும். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் பென்சிலைச் சீவுவார், அவ்வளவுதான். பென்சில் எவ்வளவு கட்டையாகிறதோ அவ்வளவு கோபம் என்று நாங்கள் கணக்கு வைத்திருந்தோம்.

எல்கடுவப் பக்கம் ஒரு தோட்டத்தில் மலைச்சரிவில் வெடிப்பு விழத் தொடங்கியதும், அங்கிருந்த லயங்களைப் பற்றிய வேலை எங்களிடம் வந்தது. ஒரே கூரையின் கீழ் வரிசையாகத் தொழிலாளர் காம்பராக்கள், ஒவ்வொன்றும் ஒற்றை அறை, ஒரு காம்பராவுக்கு ஒரு குடும்பம். அங்கே வீட்டிலக்கம், வீதிப்பெயர் எதுவும் இல்லை. தோட்டத்துக்கு மொத்தமாக ஒரு விலாசம். வருகிற கடிதமெல்லாம் தோட்டத்து ஆபீசில் போய்க் குவியும். அதனால் எங்கள் ஆட்கள் ஒவ்வொரு காம்பரா வாசலிலும் ஜீ.பீ.எஸ். கருவியோடு நின்று, அகலக்கோட்டையும் நெடுங்கோட்டையும் எழுதிக்கொண்டு வந்தார்கள். அரசாங்கக் காகிதத்தில் அந்தக் குடும்பங்களுக்கென்று தனியாகக் கிடைத்த முதல் விலாசம் அந்த இரண்டு எண்கள்தான்.

மண்சரிவை ஆராய்பவர்கள் அபாய வலயத்தைக் கீறித் தந்துவிட்டார்கள். எங்கள் வேலை அதன்மேல் புள்ளிகளைப் போட்டுப் பார்ப்பது. வலயத்துக்குள் விழும் புள்ளிகளின் பெயர்கள் பட்டியலில் ஏறும். பட்டியலில் உள்ளவர்களுக்கு மழைக்காலத்துக்கு முன்பே கீழே மட்டமான நிலத்தில் இடம். வெளியே விழுபவர்கள் இருக்கிற இடத்திலேயே இருக்க வேண்டியதுதான்.

அந்தச் சமயம் பார்த்துப் பயிலுனர்கள் சிலர் வந்து சேர்ந்தார்கள். பகல் சாப்பாட்டு நேரம். யாரோ ஒரு பிள்ளை, "மாத்தளையில நேராக் கீழ தோண்டிக்கிட்டே போனா எங்க சேர் வெளிய வருவோம்?" என்று கேட்டது. அமெரிக்கா என்றார்கள் சிலர். சோற்றுக்கையோடு நான் மேடையேறிவிட்டேன். சும்மா இருந்தால் நான் ஏன் நானாகப் போகிறேன்?

கணக்கு சுலபம். வடக்கு அகலக்கோட்டைத் தெற்காக்க வேண்டும். நெடுங்கோட்டை நூற்றெண்பதிலிருந்து கழித்து, கிழக்கை மேற்காக்க வேண்டும். பூமியின் நேர் எதிர்ப்புறம் கிடைத்துவிடும். மென்பொருளில் இரண்டு வரி. திரையில் அப்போது திறந்திருந்தது அந்தத் தோட்டத்தின் அட்டவணை. அதில் மேல் லயத்தின் பத்துக் காம்பராக்களையும் தெரிவுசெய்து, இரண்டு வரியையும் ஓட்டி, புள்ளிகளை மறுபடி போட்டேன். மலையிலிருந்த பத்தும் மறைந்தன. படத்தைச் சுருக்கிக்கொண்டே போனேன். இலங்கை ஒரு துளியாயிற்று, இந்தியா ஒரு கையளவாயிற்று. உலகம் முழுவதும் தெரிந்தபோது, தென்னமெரிக்காவுக்கு மேற்கே, பசிபிக் சமுத்திரத்தின் நடுவில் பத்துப் புள்ளிகள் ஒட்டிக்கொண்டு கிடந்தன. பலாபத்வலவில் தோண்டினாலும் கடல்தான், நாவுலவில் தோண்டினாலும் கடல்தான் என்று விளக்கினேன். எங்கள் மாவட்டத்துக்கு எதிரே கால் வைக்க ஒரு பிடி மண் இல்லை.

"லயத்துல தண்ணி வசதி இல்லனு சொல்லிக்கிட்டே இருந்தாங்களே, இப்ப பாருங்க, சுத்தித் தண்ணி" என்றேன். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

இதற்கெல்லாம் கோப்பின் பிரதியொன்றை எடுத்து, அதில்தான் விளையாடியிருக்க வேண்டும். நான் எடுக்கவில்லை. தேநீர் வந்தது. திரையில் அந்தக் கோப்பின் சாளரத்தை மூடினேன். மாற்றங்களைச் சேமிக்கவா என்று கணினி கேட்டது. கொழும்பில் இரண்டு வாரம் கோப்புத் தேடியவன் என்ன செய்வான்? அதைத்தான் செய்தேன்.

இரண்டு வாரம் கழித்துப் பட்டியலைத் தயாரித்தேன். அட்டவணையில் முந்நூற்றுச் சொச்சம் வரிகள் இருந்தன, ஒன்றும் குறையவில்லை. அந்த முழு அட்டவணையின்மேல் நவ்ஷாத் சேரின் பென்சில் மூன்று தடவை விழுந்தது. மூன்று தடவையும் வேறு லயங்களில் விழுந்தது. மென்பொருளுக்கு எல்கடுவயும் தெரியாது, பசிபிக்கும் தெரியாது. வலயத்துக்கு உள்ளேயா, வெளியேயா என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். பசிபிக் வெளியே. பத்துக் குடும்பங்களும் பட்டியலில் ஏறவில்லை. சேர் கையெழுத்திட்டார்.

பட்டியல் தோட்டத்தில் ஒட்டப்பட்டு நாலைந்து நாளிருக்கும். மாரியாயி என்ற பெண் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். நாற்பது வயதிருக்கும். மேல் லயம், ஏழாம் காம்பரா. அன்றைய பேரை, அதாவது ஒரு நாள் கூலியை, விட்டுவிட்டு பஸ் ஏறி வந்திருந்தார்.

"சேர், கீழ் லயத்துக்கு வந்திருக்கு. நடு லயத்துக்கு வந்திருக்கு. எங்க லயத்துக்கு மட்டும் வரல. மலை சரிஞ்சா மேல இருக்கிறவங்கதானே சேர் மொதல்ல போவோம்?"

இதைவிடத் தெளிவாக எந்தப் பொறியியலாளரும் சொல்லியிருக்க முடியாது. நான் பட்டியலைப் பார்த்தேன். பெயர் இல்லை. படத்தைத் திறந்து பார்க்கவில்லை.

"அக்கா, கம்ப்யூட்டர் உங்க லயத்தப் பாதுகாப்பான எடம்னு சொல்லுது. சந்தோசப்படுங்க. மத்தவங்க சட்டி பானையத் தூக்கிக்கிட்டு அலையணும், நீங்க காத்தோட்டமா மேலயே இருக்கலாம்."

"எங்க காம்பரா பின்சுவத்து வெடிப்புக்குள்ள என் கை மணிக்கட்டு வரைக்கும் போகுது சேர். அந்தக் கம்ப்யூட்டரு வந்து கையவிட்டுப் பாத்துச்சா?"

பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முறைப்பாட்டுப் படிவம் ஒன்றைக் கொடுத்து நிரப்பச் சொன்னேன். நிரப்பிவிட்டு, பஸ் போய்விடும் என்று அவசரமாகப் போனார்.

அடுத்த கிழமைதான் அந்தப் படிவத்தைக் கையில் எடுத்தேன். "உங்கள் இருப்பிடம் அபாய வலயத்துக்கு வெளியே உள்ளது" என்று பதில் எழுதி, கூடவே சின்ன வரைபடம் ஒன்றையும் இணைக்க வேண்டும். அட்டவணையில் ஏழாம் காம்பராவைத் தேடி, அந்தப் புள்ளிக்குப் போ என்று அழுத்தினேன்.

திரை நீலமாயிற்று. மேலும் நீலம், கீழும் நீலம். திரை பழுதாகிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு படத்தை மெல்லச் சுருக்கினேன். ஓரத்தில் தென்னமெரிக்கா வந்து நின்றது.

எழுந்து போய் முகத்தைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

எதிர்ப்புறத்தின் எதிர்ப்புறம் பழைய இடமேதான். அதே இரண்டு வரியை, இம்முறை மேற்கைக் கிழக்காக்கி, இன்னொரு தடவை ஓட்டினேன். கண் மூடித் திறப்பதற்குள் பத்துக் காம்பராக்களும் எல்கடுவ மலைக்குத் திரும்பிவிட்டன. அபாய வலயத்தின் நட்ட நடுவில் போய் உட்கார்ந்தன. புள்ளிகளைத் திருப்புவது அவ்வளவு லேசு. ஆனால் பட்டியல் ஏற்கனவே வெளியே போய்விட்டது, கீழே நிலத்தைத் துண்டு துண்டாக அளந்து பெயர் போட்டும் முடித்துவிட்டார்கள்.

ஒளிக்காமல் சொல்கிறேன். மேல் லயத்துக் களப் பணியாளர் அளவெடுத்ததில் பிழை என்று ஒரு வரி எழுதினால் முடிந்தது. அவரும் அந்த வருடம் இடம் மாறிப் போயிருந்தார். இரண்டு பிளேன்டீ குடிக்கிற நேரம் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். பிறகு நவ்ஷாத் சேரின் அறைக்குப் போனேன். நல்லவன் என்பதால் அல்ல. அந்த மனுசன் அடியில் கைவிட்டுப் பார்க்கிற குடும்பம், எப்படியும் பிடித்துவிடுவார் என்ற பயம்தான்.

எல்லாவற்றையும் சொன்னேன்.

"எத்தன?"

"பத்து, சேர்."

"பத்து காம்பராவா, பத்து ஆளா?"

"காம்பரா."

"ஆள் எத்தன?"

நான் காம்பராவைத்தான் எண்ணியிருந்தேன்.

"எண்ணிட்டு வாங்க."

போய் எண்ணிவிட்டு வந்தேன். நாற்பத்தொரு பேர். அதில் பதினேழு பேர் சின்னப் பிள்ளைகள். சேர் பென்சிலை எடுத்தார், சீவவில்லை, திரும்ப வைத்தார். "என்ட பென்சிலும் அதுல ஈக்கி. ரெண்டு பேர்ட பேரையும் போட்டு எழுதுங்க" என்றார்.

எழுதினேன். பகிடிக்காகப் பத்து வீட்டை உலகத்தின் மறுபக்கத்துக்கு அனுப்பினேன் என்பதை அரசாங்கத் தமிழில் எழுதிப் பாருங்கள், தெரியும். பதில் வந்தது: நிலம் முடிந்துவிட்டது; பத்துக் குடும்பங்களையும் இரண்டாம் கட்டத்தில் முதலாவதாகச் சேர்த்துக்கொள்ளலாம்; மழைக்காலம் கழிந்த பிறகு. சேர் இரண்டு தடவை கூட்டத்துக்குப் போய்க் கேட்டுப் பார்த்தார். இரண்டாம் தடவை திரும்பி வந்த அன்று, இனி எந்தப் பட்டியலுக்கும் கையெழுத்துக்கு முன் முழு உலகப் படத்தையும் தனக்குக் காட்ட வேண்டும், ஒரு புள்ளிகூட மாவட்டத்துக்கு வெளியே கிடக்கக் கூடாது என்று உத்தரவு எழுதினார். நிரோஷினி, நீங்கள் கேட்டது இதைத்தான். காரணம் போதுமென்றால் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். எனக்குத்தான் நிறுத்த முடியவில்லை.

"கடுதாசி மேல போயிட்டு. லயத்துக்கு யாரு போய்ச் சொல்ற?" என்று சேர் கேட்டார். அது கேள்வி இல்லை.

தூறலில் ஏறிப் போனேன். லயத்து வாசலில் எல்லோரும் கூடினார்கள். மூச்சு வாங்க, நடந்ததை நடந்தபடி சொன்னேன். நான் செய்தது, ஏன் செய்தேன், அவர்களுடைய வீடுகள் எங்கே போய்க் கிடந்தன, எல்லாம். அடி விழும் என்றுதான் எதிர்பார்த்தேன். மாரியாயி அக்காதான் முதலில் வாயைத் திறந்தார்.

"கடலுக்கா சேர்? பொறந்ததுல இருந்து நான் கடலக் கண்ணால பாத்ததில்ல. பஸ் காசு இல்லாம, குடும்பத்தோட அனுப்பி வச்சிருக்கீங்க!"

ஒரு கிழவர் சிரிக்கத் தொடங்க, லயமே சிரித்தது. அக்காவின் கணவர் சிவலிங்கம், ஒல்லியான, சத்தமில்லாத மனிதர், எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தார். "அங்கயும் இப்ப மழையா சேர்?" என்று கேட்டார். மறுபடி சிரிப்பு. நானும் சேர்ந்துகொண்டேன். அப்படிச் சிரிக்கக் கூடாது என்று தெரிந்தும் சிரித்தேன்.

சேரின் உத்தரவுப்படி பத்து வாசலிலும் நானே நின்று புதிதாக அளவெடுத்தேன். கருவி எண்களை நிதானப்படுத்தும்வரை ஒவ்வோர் இடத்திலும் அசையாமல் நிற்க வேண்டும். கருவி நனையாமல் சிவலிங்கம் குடை பிடித்துக்கொண்டே பத்து வாசலுக்கும் கூட வந்தார். தன் காம்பரா வந்ததும், வாசலில் கிடந்த விறகை ஒதுக்கி இடம் செய்தார்.

"நல்லா நடுவுல நில்லுங்க சேர். போன தடவ மாதிரி வழுக்கிக் கடலுக்குள்ள போயிடாதீங்க."

நடுவில் நின்றேன். மற்ற இடங்களைவிடக் கூடுதல் நேரம் நின்றேன்.

மழை பலத்தால் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். சொன்னபடியே போனார்கள். இரண்டு தடவை போய், மலை ஒன்றும் ஆகாமலிருக்க, திரும்பி வந்தார்கள். மூன்றாம் தடவை, இரண்டு நாள் கொட்டிய பிறகு காலையில் மழை விட்டது. வெயில்கூட அடித்ததாம். மூத்த மகளுக்குப் பதினோராம் வகுப்புச் சாதாரண தரப் பரீட்சை நெருங்கியிருந்தது. புத்தகங்களை எடுத்துவிட்டு வருகிறேன் என்று சிவலிங்கம் மேலே ஏறியிருக்கிறார். ஒன்பது மணியளவில் மலை இறங்கியது. மற்ற நாற்பது பேரும் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள்.

வீதி உடைந்திருந்தபடியால் அடுத்த நாள்தான் நவ்ஷாத் சேரும் நானும் எல்கடுவயிலிருந்து நடந்து போய்ச் சேர முடிந்தது. மேல் லயம் இருந்த இடத்தில் செம்மண்ணைத் தவிர ஒன்றுமில்லை. படியில்லை, பாதையில்லை, அடையாளத்துக்கு நின்ற பலா மரமும் இல்லை. மேலிருந்து வந்த மண் லயத்தை இழுத்துக்கொண்டு போகவில்லை, அப்படியே அமுக்கி மூடியிருக்கிறது என்று ஆராய்ச்சிக்காரர்கள் சொன்னார்கள். பெக்கோ இயந்திரம் ஒன்றை எப்படியோ ஏற்றியிருந்தார்கள். எங்கே தோண்டுவது என்று அதன் சாரதி கேட்டார். பிறந்ததிலிருந்து அங்கேயே வாழ்ந்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் கையைக் காட்டினார்கள். தவறு அவர்களுடையது இல்லை. மலையே உருவம் மாறிக் கிடந்தது.

சேர் கருவியை என் கையில் தந்தார். "ஏழு" என்றார்.

ஏழாம் காம்பராவின் எண்களைப் போட்டேன். முழங்கால்வரை புதையும் சேற்றில் நடந்தேன். எவ்வளவு தூரம் என்று கருவி காட்டிக்கொண்டே வந்தது. முப்பது மீற்றர். பதினெட்டு. ஒன்பது. நாலு. ஒவ்வோர் எண்ணும் குறையக் குறைய, அது குறையக் கூடாது என்று இருந்தது. நின்ற இடத்தில் ஒரு கம்பைக் குத்தி, "இங்கதான்" என்றேன்.

பின்னேரம் மூன்று மணிக்கு அவரை எடுத்தார்கள். கம்பிலிருந்து ஓர் ஆள் நீளத்துக்குள் கிடந்தார். வாசல் பக்கம் வந்துகொண்டிருந்திருக்கிறார்.

எல்லாம் முடிந்து அவரைக் கீழே கொண்டுபோகும்போது மாரியாயி அக்கா என்னைத் தேடிக்கொண்டு வந்தார். நான் கருவியைத் துடைப்பதுபோல் குனிந்துகொண்டேன். பக்கத்தில் வந்து என் முழங்கையைத் தொட்டார்.

"இந்தத் தடவ சரியாக் காட்டிட்டீங்க சேர்" என்றார்.

அதில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் நான் எதையாவது சொல்லித் தப்பியிருப்பேன்.